அறுபத்தைந்து வாட்

செம்மணல் மேடான தேரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கிற செம்பொறை என்கிற ஊரில் நாங்கள் கோபத்தை வாட் கணக்கில்தான் அளப்போம். பெண் பார்க்க வருகிற வெளியூர்க்காரர்கள், பெண்ணின் அண்ணனை நூற்றிருபது வாட் ஆள் என்கிறீர்களே, கரண்டு ஆபீசில் வேலையா என்று கேட்பார்கள், நாங்களும் காப்பியைக் கொடுத்துவிட்டு நடந்ததைச் சொல்லுவோம், கேட்ட பிறகும் சம்பந்தம் செய்தவர்கள் உண்டு, காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் பஸ் ஏறினவர்களும் உண்டு, போனவர்களைப் பற்றி எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை.

எல்லாம் ஓர் ஆயுத பூஜையில் தொடங்கியது. அன்றைக்கு எங்கள் தெருவில் தையல் மெஷினுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் மிக்ஸிக்கும் பொட்டு வைத்தார்கள், பாலவேசம் தான் ஓட்டுகிற மினி பஸ்ஸுக்கு வாழைக்கன்று கட்டினான், அவன் அக்கா சந்தனமாரி மட்டும் தன் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைக்காமல் அதைப் பிரித்துப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

சந்தனமாரிக்கு அப்போது முப்பத்துநான்கு வயது. பகலில் உப்புக் கம்பெனி ஆபீசில் கணக்கு ஏற்றுவாள், சாயங்காலம் வந்து முகம் கழுவி, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, பிரேசிலிலும் கொரியாவிலும் இருக்கிற முகம் தெரியாத கூட்டாளிகளோடு சேர்ந்து திரையில் ஓடுகிற ஆட்களைச் சுட்டுத் தள்ளுவாள். மற்ற பெண்கள் நகைச்சீட்டுப் போட்ட காலத்தில் அவள் ஒரு பொங்கலுக்குக் கண்ணாடிப் பக்கம் வைத்த கேபினட், ஒரு தீபாவளிக்கு மதர்போர்டு, அடுத்த தீபாவளிக்கு ரேம் என்று மதுரையிலிருந்து பெட்டி பெட்டியாக வரவழைத்துத் தன் கையாலேயே கோத்த கம்ப்யூட்டர் அது. இவ்வளவு பொறுக்கிப் பார்த்து ஒரு மாப்பிள்ளையைத் தேர்ந்திருந்தால் இந்நேரம் பிள்ளை பள்ளிக்கூடம் போகும் என்று நாங்கள் சொல்லுவோம், அவள் காதில் மாட்டிய ஹெட்போனைக் கழற்றாமலே தலையாட்டுவாள்.

அவர்கள் அப்பா கொம்பையாவைத் தேரியடி மாடன் கோயில் கொடைத் திருவிழாவில், மேளம் அடித்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு தண்ணீர்ப் பந்தல் தகராறில் தவசிக்கண்ணு வெட்டிப் போட்டான். அம்மாவும் அந்த வருஷமே போய்ச் சேர்ந்தாள். பாலவேசத்துக்குச் சோறு ஊட்டியதும் தலைக்கு எண்ணெய் தேய்த்ததும் சந்தனமாரிதான். தவசிக்கண்ணு ஜெயிலில் இருந்துவிட்டு வந்து, அதே தெருவில் நாலு வீடு தள்ளி, வாசலில் உட்கார்ந்து கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தான். தாய்மாமன் சிவனணைஞ்சான் வந்துபோகும் போதெல்லாம் பாலவேசத்தின் எதிரே உட்கார்ந்து, "ஒங்க அப்பன் ரத்தம் இன்னும் காயல டே, நீ பஸ்ஸுல பாட்டுப் போட்டுட்டுத் திரியுத" என்பார். கோழிக்கடை வாசலைக் கடக்கும்போதே முகத்தைத் திருப்பிக்கொள்கிற பாலவேசம், "எனக்குக் கோவம் வரல மாமா, வந்தா சொல்லுதேன்" என்பான். அந்தக் கோபம் அவனுக்கு வரவே கூடாது, அவன் கையில் அரிவாள் ஏறவே கூடாது என்பது ஒன்றுதான் சந்தனமாரி இந்த உலகத்தில் வேண்டிக்கொண்டது.

ஆயுத பூஜைக்கு வருகிறேன். கம்ப்யூட்டருக்கு மூளை என்கிறார்களே ப்ராஸசர், அது ஒரு பிஸ்கட் அளவுதான் இருக்கும், ஆனால் விளையாட்டு வலுத்தால் அடுப்பாகக் கொதிக்கும். அந்தச் சூட்டை இழுத்து வெளியே தள்ளுவதற்கு அதன் தலையில் கூலர் என்று ஒரு செம்புக் கட்டையும் விசிறியும் உட்காரும், இரண்டுக்கும் நடுவில் காற்றுப் புகாதபடி ஒரு பசையைத் தடவ வேண்டும். சந்தனமாரி புதுக் கூலர் மாட்டுவதற்காகப் பழையதைக் கழற்றிவிட்டுப் பசை டியூபைப் பிதுக்கினாள், அது காய்ந்துபோய் ஒன்றும் வரவில்லை. கடைகள் எல்லாம் பூஜைக்கு மூடிக் கிடந்தன. சாயங்காலம் கொரியாக்காரர்களோடு போட்டி. அவள் கண் சாமி படத்தடியில் இருந்த டப்பாவின் மேல் விழுந்தது. கொடையன்று மாடன் முகத்தில் அப்பி, பிறகு வழித்து வீட்டுக்கு வீடு கொடுக்கிற மஞ்சணை அதில் இருந்தது. மஞ்சளும் எண்ணெயும் சேர்த்துக் குழைத்தது, பசைக்குப் பசை.

"யக்கா, அது சாமி மொகத்துல இருந்தது" என்றான் பாலவேசம்.

"மாடனுக்கு இல்லாத சூடா ல? அதையே தாங்கிச்சு, இதத் தாங்காதா? நாளைக்கு மாத்திக்கிடலாம்."

பச்சரிசி ஒன்றின் அளவுக்கு எடுத்து ப்ராஸசர் நடுவில் வைத்து, கூலரை அதன்மேல் அழுத்தித் திருகினாள். அந்த நாளைக்கு என்ற நாள் வரவே இல்லை.

சாயங்காலம் போட்டி தொடங்கியது. வழக்கமாக எண்பதைத் தொடுகிற சூடு திரையின் மூலையில் இருபத்தாறு என்று நின்றது, விசிறி வேலையில்லாமல் மெதுவாகி நின்றுபோனது, கேபினட்டின் கண்ணாடியில் பனி பூத்து நீர் கோத்து வழிந்தது, அவள் இது நல்ல பசையாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு சுட்டாள். அவள் சுடச்சுட, தெருவில் ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் வாழ்ந்த அண்ணனும் தம்பியும் கட்டிப் புரண்டு, அண்ணன் தம்பியின் காதைக் கடித்து ரத்தத்தைக் கீழே துப்பாமல் விழுங்கினான். தையற்கடை ஞானதுரை சாக்கடைத் தகராறை நினைத்துக்கொண்டு எதிர்வீட்டுப் பிச்சாண்டியின் முதுகில் இரும்பு ஸ்கேலால் கோடு கோடாக இழுத்தார். கல்யாண வீட்டில் சம்பந்திகள் சாம்பார் வாளியால் அடித்துக்கொண்டார்கள். பாலவேசம் மினி பஸ்ஸைத் தவசிக்கண்ணு வீட்டு வாசலில் நிறுத்தி, ஏன் என்று தெரியாமலே, ஹாரனில் கையை வைத்து எடுக்காமல் அழுத்திக்கொண்டிருந்தான். மூன்றாம் வீட்டில், கல்யாணமான நாளிலிருந்து புருஷன் மகராசனிடம் அடி வாங்கிக்கொண்டிருந்த செல்லக்கிளி, அடுப்பிலிருந்த தோசைக்கல்லைத் துணி பிடித்து எடுத்து, அவன் ஓங்கின கையின் மணிக்கட்டில் ஒரே போடாகப் போட்டாள். எலும்பு முறிந்த சத்தம் எங்கள் வீடு வரைக்கும் கேட்டது.

அப்போது கரண்டு போயிற்று. ஓங்கின கைகள் எல்லாம் ஓங்கினபடி நின்றன, ஆட்கள் விழித்துக்கொண்டு தங்கள் கையில் இருப்பதைப் பார்த்தார்கள், பிறகு கட்டுப் போடவும் ஆட்டோ பிடிக்கவும் அடித்தவர்களே கூட ஓடினார்கள். கரண்டு வந்தது, அவள் மறுபடி போட்டாள், ஆட்டோவுக்குள்ளேயே அடி தொடங்கியது. மூன்றாவது தடவைக்குள் எல்லோருக்கும் விஷயம் விளங்கிவிட்டது. நாங்கள் படிக்காத ஜனங்கள் இல்லை.

ஊர்க்கூட்டத்தில் சந்தனமாரியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "சூடுன்னா காணாமப் போகாது, எங்கயாவது போய்த்தான் ஆகணும். முன்னாடி கூலர் வழியா ரூமுக்குள்ள வந்துது. இப்ப ரூமுக்கு வரல. ஒங்ககிட்ட வருது" என்றாள். யாரிடம் தீராத பகை இருக்கிறதோ அவரிடம் போய் இறங்குகிறது, தேரியைத் தாண்டினால் எட்டவில்லை என்பதையும் நாங்களே சோதித்துத் தெரிந்துகொண்டோம். விசாரிக்க வந்த ஏட்டையா அதைப் போட்டுக் காட்டச் சொன்னார், போட்டதும் தன்னோடு வந்த போலீஸ்காரரின் தொப்பியைப் பிடுங்கி அதாலேயே அவரை அடித்தார், பிறகு வழுக்கி விழுந்த காயம் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

சந்தனமாரி கம்ப்யூட்டரை அணைத்து மூடி போட்டு வைத்தாள். பெண்கள்தான் விடவில்லை. செல்லக்கிளியை முன்னால் விட்டுக்கொண்டு வந்து வாசலை அடைத்து நின்றார்கள்.

"யக்கா, நீங்க நிறுத்தப்படாது" என்றாள் செல்லக்கிளி. "அந்த மனுசன் இப்பம் எடது கையால திங்கிதாரு. வலது கை கட்டுல இருக்கு. நான் மூணு நாளா ஒறங்குதேன்."

ஆண்களிலும் பலருக்கு அந்த ஆசை இருந்தது, வாய்விட்டுச் சொல்லத்தான் கூச்சம். ஆகவே ஊரே சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்தது. சாயங்காலம் அவள் ஆடுவாள், அதற்கு முன்னால் பிள்ளைகளை உள்ளே விட வேண்டும், அரிவாளையும் கடப்பாரையையும் பரண்மேல் போட்டுவிட வேண்டும், டீக்கடையில் கண்ணாடி டம்ளரை எடுத்துவிட்டுப் பேப்பர் கப் கொடுக்க வேண்டும், ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் தெருமுனையில் ஊசி நூலோடு உட்கார வேண்டும். அவளுடைய ப்ராஸசர் அறுபத்தைந்து வாட் என்று பெட்டியில் போட்டிருந்தது, அறுபத்தைந்தில் பல் ஆடும், விழாது, கழுத்தை வெட்டுகிற அளவுக்குப் போகாது என்று கண்டுகொண்டோம். "இவன் என்ன நாப்பது வாட் பார்வ பாக்கான்" என்று பேச்சில் வந்தது அப்போதுதான். ரத்தம் வராத நாளில் ஆட்கள் அவள் வீட்டு வாசலில் நின்று கேம் சரியாக ஓடுகிறதா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். நல்ல அடி வாங்கினவன் மறுநாள் அடித்தவனுக்கே இளநீர் வெட்டிக் கொடுத்தான். பாலவேசம் மட்டும் தினமும் ஹாரன் அடித்தான், அதற்கு மேல் அவனிடம் ஒன்றும் ஏறவில்லை, தவசிக்கண்ணு கடலைத்தோலை ஊதிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அதைப் பார்த்துவிட்டுத்தான் சிவனணைஞ்சானுக்கு அந்த யோசனை வந்தது. "ஏட்டி மருமவளே, ஹாரனுக்கு அறுவத்தஞ்சுன்னா, கழுத்துக்கு எத்தன வாட் ஆகும்?" என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்டபோது அவள் வேடிக்கைக்குக் கேட்கிறார் என்று நினைத்தாள். அடுத்த வளர்பிறையில் மனுஷன் வெள்ளை வேட்டி கட்டி, ஆட்களைக் கூட்டிக்கொண்டு, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு தேங்காய் பழம் வைத்து, நடுவில், கேமின் படங்களைத் திரையில் தீட்டுகிற கிராபிக்ஸ் கார்டு ஒன்றின் பெட்டியை மாலை போட்டு நிறுத்தி எடுத்துக்கொண்டு வந்தார். மேளம் ஒன்றுதான் இல்லை. "தாய்மாமன் சீரு. காதுகுத்துக்குச் செய்யாதத இப்பம் செய்யுதேன்" என்றார்.

முழங்கை நீளம், மூன்று விசிறி, நானூற்றைம்பது வாட். எந்தக் கார்டின் படத்தைச் செல்போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அவள் தூங்கப் போவாளோ, அதே கார்டு. எதற்காக வந்திருக்கிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது, தாய்மாமன் சீரைத் திருப்பி அனுப்பினால் உறவை அறுத்தது என்று ஆகிவிடும் என்பதும் தெரிந்தது.

"மாமா, உள்ள கரண்டு குடுக்குற பெட்டி, என் எஸ்எம்பிஎஸ், இத்தன வாட்டத் தாங்காது" என்றாள்.

"அதுக்கென்னட்டி" என்று அவர் அடுத்த வாரமே பெரிய எஸ்எம்பிஎஸ் ஒன்றையும் அதே தாம்பாளத்தில் கொண்டுவந்து வைத்தார்.

இரண்டையும் பீரோவில் சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். தினமும் ஒருதரம் திறந்து பார்ப்பாள், பெட்டியைப் பிரித்துப் புது பிளாஸ்டிக் வாசனையை மோந்துவிட்டு மூடுவாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆசைப்பட்டது ஒன்று, அது வந்ததும் இப்படி வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலவேசம் கல்யாணக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு தேரியைத் தாண்டிப் போனான். அவன் இல்லாத தெருவில் என்ன ஆகிவிடும், ஒரே ஒரு தடவை என்று அவள் கார்டையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் மாட்டினாள். விளையாட்டில் இருந்த எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்தாள். அதுவரை பச்சைப் பாயாகத் தெரிந்த புல்வெளி ஒவ்வொரு புல்லாகப் பிரிந்து ஆடியது, துப்பாக்கிக் குழலில் மழைத்துளி விழுந்து உருண்டு ஓடியது, செத்து விழுகிறவன் கண்ணில் வானம் தெரிந்தது. அவள் அழுதேவிட்டாள். கேபினட்டுக்குள் பிறந்த சூடு எதுவானாலும் அந்த மஞ்சணை வழியாகத்தான் வெளியே போய்க்கொண்டிருந்தது, கண்ணாடியில் இப்போது பனி இல்லை, உறைந்த வெள்ளை இருந்தது.

வெளியே ஞானதுரை ஒரு ஜாக்கெட்டுக்குக் கழுத்து வெட்டிக்கொண்டிருந்தவர் எழுந்து போய், அதே கத்தரியைப் பிச்சாண்டியின் கழுத்தில் காதுக்குக் கீழே இறக்கி, துணி வெட்டுகிறவருக்கே உரிய நிதானத்தோடு மறுபக்கம் வரைக்கும் கொண்டுபோனார். காது கடிபட்ட தம்பி பரணில் ஏறி அரிவாளை இறக்கி அண்ணனின் காலைக் கணுக்காலோடு எடுத்தான். கம்பவுண்டர் தைக்க வந்து, யாரைத் தைப்பது என்று தெரியாமல் ஊசியை ஒருவன் கண்ணருகே கொண்டுபோய், நல்லவேளையாக மயங்கி விழுந்தார். அவள் ஹெட்போனைக் கழற்றியபோது தெருவில் சத்தமே இல்லை. அணைத்துவிட்டு ஓடிவந்து பார்த்தாள். ஞானதுரை இஞ்சு டேப்பைக் கழுத்தில் தொங்கவிட்டபடி, பிச்சாண்டியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, யாராவது கடையைப் பூட்டுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவரைப் போலீஸ் கொண்டுபோயிற்று. அறுபத்தைந்துக்கு மேலே போகக் கூடாது என்று ஊர்க்கூட்டம் முடிவு செய்தது, எல்லோரையும்விடப் பலமாகத் தலையாட்டியது சிவனணைஞ்சான். சந்தனமாரி கார்டை இணைத்த வயரை மட்டும் உருவிவிட்டு, கார்டை அதன் இடத்திலேயே விட்டுவைத்தாள். கழற்றினால் திரும்ப மாட்டத் தோன்றும், அதனால்தான் கழற்றவில்லை என்று எங்களிடம் சொன்னாள். அது பொய். கழற்ற மனசு வரவில்லை.

சித்திரையில் கொடை வந்தது. மதியக் கொடைக்கு ஊரே மாடன் கோயில் முன்னால் கூடியிருந்தது, பெண்கள் வெயிலில் பொங்கல் பானைக்கு எதிரே வியர்த்துக்கொண்டிருந்தார்கள், மாடன் முகத்தில் புது மஞ்சணை மின்னியது, சாமியின் காலடியில் ஆளுயர அரிவாள் மண்ணில் குத்தி நின்றது. தவசிக்கண்ணுவும் வந்து மதில் ஓரமாக உட்கார்ந்து கடலை உரித்தான். சிவனணைஞ்சான் மட்டும் கூட்டத்தில் இல்லை. கொடைக்குத் திறந்து போட்டிருந்த சந்தனமாரி வீட்டுக்குள் போய், வயரைச் சொருகி, கம்ப்யூட்டரைப் போட்டார். பாஸ்வேர்டு தம்பியின் பெயர்தான், அது ஊருக்கே தெரியும். கடைக்காரர்கள் புது மெஷினைச் சோதிப்பதற்கு ப்ராஸசரையும் கார்டையும் ஒருசேரக் கொதிக்கவைக்கிற ஓட்டம் ஒன்று உண்டு. அதைக் கார்டு வாங்கிய இடத்திலேயே கேட்டுத் தெரிந்து வைத்திருந்தார், அதை ஓடவிட்டார்.

உறுமிக்காரன் குச்சியைத் தவில்காரன் வாயில் சொருகினான். பொங்கல் பானைகள் பறந்தன, கொதிக்கிற சோறு முகங்களில் வழிந்தது, கடாவைப் பிடித்திருந்தவர்கள் கடாவை விட்டுவிட்டு ஒருவரை ஒருவர் பிடித்தார்கள், நாங்களும்தான் அடித்தோம், யாரை எதனால் என்று இப்போது சொல்ல முடியாது. அத்தனைக்கும் நடுவே பாலவேசம் சாமியின் அரிவாளை இரண்டு கையாலும் பிடுங்கிக்கொண்டு மதிலை நோக்கி நடந்தான். அவன் முகத்தில் எந்தக் கோணலும் இல்லை, பஸ்ஸில் கியர் மாற்றுகிற முகம்தான். அந்த இடத்தில் சூடு ஏறாமல் உட்கார்ந்திருந்தது தவசிக்கண்ணு ஒருவன்தான். அவன் பகையை அவன் என்றைக்கோ செலவழித்துவிட்டான்.

"வா டே" என்றான் தவசிக்கண்ணு. "ரொம்ப வருசமாக் காத்துட்டுருக்கேன்."

முதல் வெட்டு இடது தோளில் இறங்கியது, கை தொங்கிப் போயிற்று, கடலைகள் ரத்தத்தில் மிதந்தன. சந்தனமாரி அதைப் பார்த்தாள். எந்த அக்காளும் தம்பி பக்கம்தான் ஓடுவாள். அவள் வீட்டுப் பக்கம் ஓடினாள்.

சிவனணைஞ்சான் சுவிட்சுக்கு முன்னால் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டிருந்தார். அவரை நகர்த்த அவளுக்கு நேரம் இல்லை. கண்ணாடியைக் காலால் உதைத்து உடைத்தாள், சில்லுகளுக்குள் கையை விட்டுக் கூலரைப் பிடித்து, திருகாணிகள் பிய்ந்து வர இழுத்துப் பிடுங்கினாள், ஓடிக்கொண்டிருந்த ப்ராஸசர் மேல் மஞ்சணையோடு சேர்த்துத் தன் இடது உள்ளங்கையை வைத்து அழுத்தினாள்.

சூடு எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும். அத்தனையும் அவளுக்குள் போனது. கோயிலில் கழுத்தைக் குறிவைத்து வந்த இரண்டாவது வெட்டு பாதி வழியில் நின்றது, அரிவாள் பாலவேசத்தின் கையிலிருந்து நழுவி விழுந்தது, அவன் குனிந்து வாந்தி எடுத்தான். வீட்டுக்குள் அவள் வலது கையில் செம்புக் கூலரோடு திரும்பினாள். தவசிக்கண்ணுவை நினைத்துப் பார்த்தாளாம், ஒன்றும் வரவில்லையாம். ஒரு சின்னப் பிள்ளையின் சோற்றுத் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து ரத்தம் ரத்தம் என்று சொல்லிக்கொண்டே இருந்த வாய்தான் கண்ணுக்கு முன்னால் நின்றதாம்.

"ஏட்டி, வேண்டாம்" என்றது அந்த வாய். அவள் கூலரை ஓங்கி அதன்மேல் இறக்கினாள், தாடை இரண்டாகும் வரைக்கும் இறக்கினாள். பிறகு அவர்மேல் கால் வைத்துத் தாண்டி, பிளக்கைத் தானே பிடுங்கினாள்.

தேங்காய் வெட்டும்போது கை தவறிவிட்டது என்று தவசிக்கண்ணு போலீசில் சொன்னான், கை இல்லாத தோளைத் தொட்டுக்கொண்டே சொன்னான். சிவனணைஞ்சான் இன்றைக்கும் கஞ்சிதான் குடிக்கிறார், அவர் பேசுவது யாருக்கும் புரிவதில்லை. பாலவேசம் தேரியைத் தாண்டி ஒரு டவுனில் வேலை தேடிக்கொண்டான், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து அக்காள் வைத்த மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டுப் போவான், அந்த ஒரு வேளைச் சாப்பாட்டுக்காகத்தான் அவள் வாரம் முழுக்க இருந்தாள். கார்டை உப்பளத்துப் பாத்தியில் எறிந்தாள், எறியும்போது மட்டும் கொஞ்சம் அழுதாள். இடது உள்ளங்கை வெந்து ஆறியது, ஆனால் அதில் ஏறின மஞ்சள் எத்தனை சோப்புப் போட்டும் போகவில்லை.

தெரு குளிர்ந்துபோயிற்று. ஒரே வீச்சில் எல்லாச் சூட்டையும் அவள் இழுத்துவிட்டாளோ என்னவோ, எங்களுக்குக் கோபமே வரவில்லை. சாக்கடை ஓடியது, சுவர் நின்றது, யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. நல்ல ஊர் என்று பெயர் வந்தது, சம்பந்தம் பேச ஆட்கள் வந்தார்கள்.

மூன்றாம் வீட்டில் மகராசனின் மணிக்கட்டு கூடிவிட்டது. அவனுக்கு அடிக்க வாட் என்றைக்குமே தேவைப்பட்டது இல்லை. அவன் கோபத்தில் அடிக்கிறவன் இல்லை, சாப்பிட்டு, ஏப்பம் விட்டு, பேப்பரை மடித்து வைத்துவிட்டு அடிப்பான். செல்லக்கிளி கத்துவது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. கேட்டுவிட்டு நாங்கள் டிவி சத்தத்தைக் கூட்டினோம், எங்களுக்குக் கோபம் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பாலவேசம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பின பிறகு, செல்லக்கிளி வந்து சந்தனமாரியின் அடுக்களை வாசலில் நின்றாள். ஒரு கண் மூடிக்கொண்டிருந்தது, கீழுதடு கிழிந்திருந்தது.

"யக்கா, கை ஓங்குதேன். பாதியிலயே ஆறிப் போயிருது" என்றாள். "பெருசு வேண்டாம். அந்தப் பழைய அறுவத்தஞ்ச மட்டும் போட்டுத் தாங்க."

சந்தனமாரி பாலவேசம் சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவி முடித்துக் கவிழ்த்து வைத்தாள். பீரோவைத் திறந்து, கழற்றி வைத்திருந்த பழைய ப்ராஸசரை எடுத்து அதன் குழியில் உட்காரவைத்தாள். கூலரை எடுத்தாள், அதன் தகடுகளில் ஒரு தாடையின் அளவுக்கு நெளிவு இருந்தது. இடது கையை மூடி மூடித் திறந்தாள், வியர்வை பூத்தது, நகத்தால் வழித்தபோது பச்சரிசி ஒன்றின் அளவுக்கு மஞ்சள் வந்தது. அவ்வளவு போதும். கூலரை வைத்துத் திருகிவிட்டு, போனை எடுத்தாள்.

"எங்க ல இருக்க?"

"தேரி தாண்டி டீக்கடையில நிக்கேன். என்னக்கா, கொழம்புச் சட்டிய மறந்துட்டேனா?"

"இனிமே ஞாயித்துக்கெழம இங்க வராத ல. இந்தத் தெருவுக்கே வராத."

அந்தப் பக்கம் ஒரு லாரி கடந்து போகிற சத்தம் கேட்டது. "எத்தன வாட்?" என்று கேட்டான்.

"அறுவத்தஞ்சுதான்."

"நான் ஹாரன்தான அடிப்பேன்."

"இப்பம் ஒனக்கு வெட்டத் தெரியும் ல" என்றாள் சந்தனமாரி. "கொழம்ப நான் கொண்டு வாரேன். எங்கயாவது பஸ் ஸ்டாண்டுல வச்சுத் தின்னு."

போனை வைத்தாள். என்ன கேம் ஆடுவீங்க என்று செல்லக்கிளி கேட்டாள். கார்டு இல்லாமல் பெரிய கேம் ஒன்றும் ஓடாது, பலூன் உடைக்கிற கேம் ஓடும் என்றாள் சந்தனமாரி. பிறகு, "நீ வீட்டுக்குப் போ, அடுப்பப் பத்த வையி" என்று சொல்லி அனுப்பிவிட்டு, காதில் ஹெட்போனை மாட்டாமல், சுவரைப் பார்த்து உட்கார்ந்து, பட்டனை அழுத்தினாள்.

கண்ணாடி இல்லாத கேபினட்டில் செம்பின்மேல் பனி பூத்தது. எங்களுக்குள் எத்தனையோ மாதத்துக்குப் பிறகு இளஞ்சூடாக ஒன்று வந்து இறங்கியது, நாங்கள் டிவியை அணைத்தோம், அரிவாளையும் கடப்பாரையையும் எடுத்துப் பரண்மேல் போட்டோம். மூன்றாம் வீட்டில் தோசைக்கல் விழுந்த சத்தம் கேட்டது, அது விழுந்தது தரையில் இல்லை. நாங்கள் அத்தனை பேரும் எழுந்து அந்த வீட்டைப் பார்த்து நடந்தோம்.